கண்ணின் அடித்தளத்தில் ஒரு மச்சம்: எந்தப் படங்களை எடுப்பது?

கடந்த வருடம் மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்காக வெள்ளவத்தையில் கண் பரிசோதனைக்குச் சென்ற என் அம்மாவிடம், இடது கண்ணின் உட்புறத்தில் கறுப்பாக ஒரு மச்சம் தெரிகிறது, அதைக் கண் வைத்திய நிபுணர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது என்று சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அன்றிரவு வீட்டில் ஆளுக்கொரு யோசனை. உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட வேண்டும் என்றார் அண்ணா. சென்னைக்கே கொண்டுபோய்க் காட்டுவோம் என்றார் சித்தி. அம்மாவோ, நோவும் இல்லை, பார்வையும் மங்கவில்லை, ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போமே என்றார். மூன்று யோசனைகளும் அக்கறையில் பிறந்தவைதான். ஆனால் முதற்படியாக எடுத்துக்கொள்ள மூன்றுமே பொருத்தமற்றவை என்று விளங்க எங்களுக்குப் பல வாரங்கள் பிடித்தன. நான் வைத்தியர் அல்லேன். வாசித்தும், கேட்டும், அம்மாவுடன் இருண்ட அறைகளில் காத்திருந்தும் அறிந்துகொண்டவற்றை, இதே முடிவின் முன் நிற்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

விழித்திரைக்கும், கண்ணின் வெண்ணிற வெளிச்சுவரான வன்கோதுக்கும் நடுவே, இரத்தக் குழாய்கள் நிறைந்த தோலுரு என்ற படை இருப்பதைப் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் படித்திருப்போம். அப்படையில் நிறக் கலங்கள் ஓரிடத்தில் கூடி நிற்பதே இந்த மச்சம். வெள்ளையினத்தவரில் ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. ஆசிய மக்களிடம் அதைவிடக் குறைவு. அமெரிக்க வெள்ளையினத்தவரிடையே செய்யப்பட்டு 2005இல் வெளியான ஒரு கணிப்பின்படி, இத்தகைய மச்சங்களில் வருடத்துக்கு 8,845இல் ஒன்றே மெலனோமா என்னும் புற்றுநோயாக மாறுகிறது. அதே வருடம் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், கண்ணின் உள்ளே தோன்றும் மெலனோமா வருடத்துக்குப் பத்து இலட்சம் வெள்ளையினத்தவரில் சுமார் 6 பேருக்கும், ஆசிய வம்சாவளியினரில் 0.38 பேருக்கும் வருவதாகக் கண்டிருக்கிறார்கள். ஆகவே துண்டை வாசித்த அன்றிரவு நாங்கள் அடைந்த பயம், எண்களோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது.

பிறகு ஏன் இவ்வளவு கவனம் என்றால், அந்த அரிய சிலரைச் சிறிய நிலையில் கண்டுகொள்வதும் தவறவிடுவதும் உயிரைத் தீர்மானிக்கும் வித்தியாசம் என்பதனால்தான். 8,033 கண்களை ஆராய்ந்து 2009இல் வெளியான பிலடெல்பியா ஆய்வில், 3 மி.மீ. வரை தடித்த கட்டி உடையவர்களில் பத்து வருடங்களுக்குள் 12 சதவீதத்தினருக்கு நோய் உடலின் வேறு இடங்களுக்குப் பரவியிருந்தது. 3.1 முதல் 8 மி.மீ. வரையானவற்றில் அது 26 சதவீதம். அதற்கு மேற்பட்டவற்றில் 49 சதவீதம். பரவினால் பெரும்பாலும் ஈரலுக்கே செல்கிறது, அங்கே போய்விட்டால் வைத்தியத்தின் கை தளர்ந்துவிடுகிறது.

நடுத்தர, பெரிய கட்டிகளை இனங்காண்பது இன்று கடினமல்ல. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொடங்கிய கண் மெலனோமாக் கூட்டாய்வில், மெலனோமா என்று முடிவுசெய்து அகற்றப்பட்ட முதல் 413 கண்களில் 411 உண்மையிலேயே மெலனோமாவாக இருந்தன. திசு எடுத்துப் பார்க்காமலே இவ்வளவு துல்லியம். சிக்கல் சிறியவற்றில்தான் இருக்கிறது. 1 முதல் 3 மி.மீ. வரையான அளவில் தீங்கற்ற மச்சமும் புதிதாய்த் தோன்றிய மெலனோமாவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியக்கூடும். ஊசி செலுத்தித் திசு எடுப்பதும் அவ்வளவு மெல்லிய கட்டியில் இலகுவன்று. எனவே படங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. எந்தப் படம் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

மிக எளிய வழி, துளி மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, நிபுணர் நேரில் பார்த்து, ஒரு நிறப்படம் எடுத்து வைப்பது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பார்வை நரம்பின் வட்டு ஏறத்தாழ 1.5 மி.மீ. விட்டமுடையது, அதை அளவுகோலாக வைத்து மச்சத்தின் அகலத்தைப் படத்திலிருந்தே கணிக்கலாம். பெர்ட்டில் டமாட்டோ என்ற கண் புற்றுநோய் நிபுணர், கழியொலி (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன் வசதியில்லாத இடங்களிலும் பயன்படட்டும் என்று, காளான் வடிவம், செம்மஞ்சள் நிறப்பொருள், பருமன், வளர்ச்சி, விழித்திரைக்குக் கீழ் நீர் என்னும் ஐந்தையும் 0 முதல் 2 வரை புள்ளியிடும் முறை ஒன்றை வகுத்திருக்கிறார். மொத்தம் 3 அல்லது அதற்கு மேலானால் மெலனோமாவாக இருக்கலாம் என்று கொண்டு உடனே புற்றுநோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் அந்த ஐந்தில் நீரையும் நிறப்பொருளையும் வெறும் கண்ணாலோ நிறப்படத்தாலோ மட்டும் பார்த்தால், மெல்லிய அளவில் இருப்பவை தப்பிவிடும்.

நிறப்படத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பரந்த பரப்பை ஒரே தடவையில் பிடிக்கும் லேசர் கருவிகள் பல சிவப்பு, பச்சை ஆகிய இரு ஒளிகளைக் கொண்டே படத்தை அமைப்பதால், அவற்றில் தெரியும் நிறம் கண்ணின் இயல்பான நிறம் அல்ல. செம்மஞ்சள் என்று நாம் பார்ப்பது செம்மஞ்சளாக இல்லாமல் இருக்கலாம். அதற்குப் பதிலாக அக்கருவிகள் ஒரு வசதியைத் தருகின்றன: சிவப்புப் படத்தில் கறுப்பாகத் தெரிந்து பச்சைப் படத்தில் மறைந்துபோகும் புள்ளி, விழித்திரையில் அல்லாமல் அதன் கீழே தோலுருவில் இருக்கிறது என்று கொள்ளலாம். அம்மாவின் படத்தைத் திரையில் இப்படி மாற்றி மாற்றிக் காட்டியபோது, பச்சைக்கு வந்ததும் அந்தக் கறுப்பு முழுவதுமாக மறைந்தது. எங்களுக்கு முதன்முதலில் விளங்கிய படம் அதுதான்.

அடுத்தது ஓ.சி.டி. ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு விழித்திரையின் குறுக்குவெட்டை வரையும் இந்தக் கருவி 1991இல் அறிமுகமானது; தோலுரு வரை ஆழமாகப் பார்க்கும் முறை 2008இல் வந்தது. சில மைக்ரோமீற்றர் அளவிலான மாற்றத்தையும் காட்டும் என்பதால், மச்சத்தின் மேல் விழித்திரைக்குக் கீழே நீர் சேர்ந்திருக்கிறதா என்று அறிய இதற்கு நிகரானது வேறில்லை. நீர் புதியதா பழையதா என்பதையும் ஓரளவு சொல்லும்: ஒளி உணரும் கலங்களின் நுனி சடை சடையாகத் தொங்கினால் புதிது, அவை தேய்ந்து மெலிந்திருந்தால் பழையது. ஆனால் கறுமை மிகுந்த கட்டியின் பின்புறத்தை ஒளி எட்டுவதில்லை. மேற்பரப்பு தெளிவாகவும் அடிப்பக்கம் வெறும் நிழலாகவும் தெரியும். சுமார் 2 மி.மீ.க்கு மேல் தடித்தவற்றையும், கண்ணின் ஓரங்களில் இருப்பவற்றையும் இது சரியாக அளக்காது. முதியவர்களுக்கு வெண்புரை முற்றியிருந்தால் படமே மங்கிவிடும்.

தன்னொளிர்வுப் படம் இரண்டே நிமிட வேலை. துளி மருந்தைத் தவிர ஊசியோ வேறு மருந்தோ இல்லை. விழித்திரையின் அடிக் கலங்கள் நொந்துபோகும்போது சேரும் லிபோஃபசின் என்ற பொருள், நிறப்படத்தில் செம்மஞ்சள் தூளாக, சில வேளை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். இந்தப் படத்தில் அது பிரகாசமாக ஒளிரும். அது இருப்பது மச்சம் சும்மா இருக்கவில்லை என்பதன் அடையாளங்களில் ஒன்று. மாறாக, மச்சத்தின் மேல் ட்ரூசன் எனப்படும் மஞ்சட் புள்ளிகள் இருந்தால், அது பல வருடங்களாக அங்கேயே கிடக்கிறது என்று பெரும்பாலும் ஆறுதல் கொள்ளலாம்.

கழியொலி ஸ்கேனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்களை அலைக்கழித்ததும் பின்னர் அமைதிப்படுத்தியதும் அதுவே. அறையின் விளக்கை அணைத்து, மூடிய இமையின் மேல் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, பேனா போன்ற கருவியை அதன் மீது வைத்தார்கள். "பஹலட்ட பலன்ன, அம்மே" என்று தொழினுட்பவியலாளர் சிங்களத்தில் சொல்ல, நான் "கீழ பாருங்கோ அம்மா" என்று சொல்ல, மூடிய இமைக்குள் கண் கீழே உருளுவது இமையின் அசைவிலேயே தெரிந்தது. திரையில் கண் ஒரு கறுத்த வட்டம். அதன் பின்சுவரில் ஒரு சிறு மேடு. அந்த மேட்டின் உச்சியிலும் அடியிலும் இரண்டு சிலுவைக் குறிகளை வைத்தார்கள். எண் வந்தது: 2.1 மி.மீ.

அந்த எண் எங்களுக்குப் பல இரவுகளின் தூக்கத்தைக் கெடுத்தது, ஏனென்றால் 2 மி.மீ.க்கு மேல் என்பது ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று அதற்குள் வாசித்திருந்தேன். ஆனால் அன்று அந்த நிலையத்தில் கழியொலி ஸ்கேன் மட்டுமே எடுத்தார்கள். வேறு எந்தப் படமும் இல்லை. வெப்பத்தாளில் அச்சிட்ட ஒரு துண்டு மட்டும் கையில் தந்தார்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு நிபுணரிடம் காட்டுவதற்காக அலுமாரியிலிருந்து எடுத்தபோது, கொழும்பு வெக்கையில் அந்தத் துண்டு சாம்பல் பூத்து, சிலுவைக் குறிகள் எங்கே வைக்கப்பட்டன என்றே தெரியாதபடி வெளுத்துப் போயிருந்தது. கோப்பு ஏதும் சேமிக்கப்படவில்லை என்று நிலையத்தில் சொன்னார்கள். அம்மாவின் கண்ணின் முதற்பதிவு அப்படித் தொலைந்தது. அதை இன்றும் மனவருத்தத்துடன்தான் நினைக்கிறேன்.

இரண்டாம் முறை நிறப்படம், ஓ.சி.டி., தன்னொளிர்வு, கழியொலி ஆகிய நான்கு படங்களையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுத்தார்கள். ஓ.சி.டி.யில் மச்சத்தின் தடிப்பு 0.9 மி.மீ. கழியொலியில் 1.5 மி.மீ. இரண்டு எண்களும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டேன். சிறிய கட்டிகளைக் கழியொலி எப்போதும் சற்றுக் கூட்டியே அளக்கும், மேலிருக்கும் விழித்திரையையும் கீழிருக்கும் வன்கோதின் ஒரு பகுதியையும் சேர்த்துப் பிடித்துவிடும், கருவி சாய்ந்திருந்தால் இன்னும் கூடும் என்று விளக்கினார் நிபுணர். அளப்பவரைப் பொறுத்து அரை மி.மீ. வரை ஏறி இறங்குவது வழக்கம். அதனால்தான் அதற்குக் குறைந்த மாற்றத்தை மட்டும் வைத்துக் கட்டி வளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவதில்லை. முன்னைய 2.1 என்ற எண் பெரும்பாலும் சாய்வெட்டு என்பதே அவர் கருத்து. ஓ.சி.டி. பக்கத்தில் இல்லாதிருந்தால் அந்த எண்ணைச் சந்தேகிக்கவே எங்களுக்கு வழி இருந்திருக்காது. அதே வேளை, மச்சம் இன்னும் கறுப்பாக இருந்திருந்தால் ஓ.சி.டி.யின் எண்ணை நம்ப முடியாமல் கழியொலியையே சார்ந்திருக்க வேண்டியிருக்கும். ஒன்றின் குறையை மற்றது திருத்துகிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கழியொலி தடிப்பை மட்டும் சொல்வதில்லை. கட்டியின் உள்ளிருந்து எதிரொலி குறைவாக வந்து உள்ளே வெறுமைபோலத் தெரிந்தால் அது மெலனோமாவின் பக்கம் சாயும் அடையாளம். நிறைந்த எதிரொலி வந்தால் இரத்தக் குழாய்க் கட்டி போன்ற வேறொன்றை நினைக்கலாம். வெண்புரையோ கண்ணுக்குள் இரத்தக் கசிவோ இருந்து மற்ற எல்லாப் படங்களும் தோற்கும் இடத்தில் இதுவொன்றே உள்ளே பார்க்கும்.

இந்த நான்கையும் ஒன்றாக வாசிப்பதற்கு இன்று பரவலாகப் பயன்படும் முறை, பிலடெல்பியாவின் வில்ஸ் கண் வைத்தியசாலையில் கரொல் ஷீல்ட்ஸ் குழுவினர் 2019இல் வெளியிட்டது. 2,355 மச்சங்களைத் தொடர்ந்து கவனித்து ஆறு காரணிகளைத் தெரிந்தெடுத்தார்கள்: கழியொலியில் 2 மி.மீ.க்கு மேற்பட்ட தடிப்பு, ஓ.சி.டி.யில் விழித்திரைக்குக் கீழ் நீர், 6/15 அல்லது அதற்குக் கீழே இறங்கிய பார்வை (இயல்பானது 6/6), தன்னொளிர்வில் லிபோஃபசின், கழியொலியில் உள்வெறுமை, நிறப்படத்தில் 5 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டம். ஒன்றுமே இல்லாதவற்றில் ஐந்து வருடத்தில் மெலனோமாவாக வளர்ந்தவை சராசரியாக 1 சதவீதம். ஒரு காரணி இருந்தால் 11, இரண்டு என்றால் 22, மூன்று என்றால் 34, நான்கு என்றால் 51, ஐந்து என்றால் 55 சதவீதம். காரணிகளையும் கருவிகளையும் பொருத்திப் பாருங்கள்: கருவி ஒன்றை விட்டுவிட்டால் ஒன்று அல்லது இரண்டு கேள்விகளுக்கு விடையில்லாமல் போகிறது. கேட்கப்படாத கேள்வியை "இல்லை" என்று எண்ணி ஒருவரை 1 சதவீதத்தில் வைப்பது அபாயம்; அவர் உண்மையில் 22இல் இருக்கலாம்.

எனினும் இந்தச் சதவீதங்களை நம் ஊருக்கு அப்படியே பெயர்க்கக் கூடாது என்பது என் கருத்து. அவை பெரும்பாலும் வெள்ளையின நோயாளரிடமிருந்து, அதுவும் புற்றுநோய்க்கென்றே அனுப்பப்பட்டவர்கள் கூடும் ஒரு நிலையத்திலிருந்து பெறப்பட்டவை. மெலனோமா இவ்வளவு அரிதான நம் மக்களில் உண்மையான வீதம் அதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு. எண்களை வரிசைப்படுத்தும் கருவியாகக் கொள்ளலாம். தலைவிதியாகக் கொள்ள வேண்டியதில்லை. இன்னொன்றையும் மறக்கலாகாது. வளர்ந்தவர்களின் கண்ணுக்குள் காணப்படும் புற்றுகளில் அதிகமானவை வேறோர் உறுப்பிலிருந்து, பெண்களில் முக்கியமாக மார்பிலிருந்து, வந்து தங்குபவை. அவை வெளிர் மஞ்சளாக, ஓ.சி.டி.யில் மேடுபள்ளமான மேற்பரப்புடன் தெரியும். முன்பு மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்றால் அதை முதல் வாக்கியமாகவே நிபுணரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி அண்ணாவின் எம்.ஆர்.ஐ. பெரிய கட்டி கண்ணின் சுவரைக் கடந்து வெளியே போயிருக்கிறதா என்று பார்க்க அது சிறந்தது. மெலனின் நிறப்பொருள் அதில் தனித்த சாயலைத் தரும். ஆனால் 2, 3 மி.மீ. மேட்டை இனங்காண அது மிகப் பருமட்டானது, செலவு அதிகம், அறிக்கையில் "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று வந்தால் பொய்யான நிம்மதியும் சேர்ந்துவிடும். சி.டி. ஸ்கேன் இதற்குத் தேவையில்லை. ஃபுளோரசீன், இந்தோசயனின் பச்சை ஆகிய சாயங்களைக் கையில் ஊசியேற்றி எடுக்கும் இரு படங்களும் இரத்தக் குழாய்க் கட்டியைப் பிரித்தறிய உதவும் நல்ல இரண்டாம் படிகள். நிபுணர் குறிப்பிட்ட காரணம் சொல்லிக் கேட்டால் எடுக்கலாம். அயடீன் ஒவ்வாமை உள்ளவர்கள் பச்சைச் சாயத்துக்கு முன்பே அதைத் தெரிவிக்க வேண்டும்.

மச்சம் கண்ணின் முற்பகுதியில், கண்மணியைச் சுற்றியுள்ள கதிராளியிலோ அதன் பின்னாலுள்ள பிசிருடலிலோ இருந்தால் மேற்சொன்ன ஒழுங்கு பொருந்தாது. அதற்கு உயர் அதிர்வெண்ணுள்ள வேறொரு கழியொலிக் கருவி உண்டு. குழந்தையின் கண்மணி புகைப்படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால், அது குழந்தைகளுக்கு வரும் கண் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம் என்பதால், எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கொழும்பில் இதை எங்கே செய்வது என்பதும் ஒப்பிட வேண்டியதே. தேசிய கண் வைத்தியசாலையில் பணமில்லை; விடியற்காலையில் போய் இலக்கம் எடுத்து, கிளினிக் கொப்பியுடன் காத்திருக்க வேண்டும். தனியார் நிலையங்களில் காத்திருப்புக் குறைவு, ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனிக் கட்டணம். எங்கள் அனுபவத்தில் இவ்விரண்டுக்கும் இடையிலான தெரிவைவிட முக்கியமானது, நான்கு படங்களும் ஒரே கூரையின் கீழ் ஒரே நாளில் கிடைக்கின்றனவா, அடுத்த முறையும் அதே கருவியில் எடுக்க முடியுமா என்பதே. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு கருவிகளில் எடுத்த எண்களை ஒப்பிடுவது, ஒரே பிள்ளையின் உயரத்தை இரண்டு வீட்டுச் சுவர்களில் குறித்துவிட்டு வளர்ச்சியைத் தேடுவது போன்றது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவுப் பஸ்ஸில் வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: துளி மருந்து ஒரு முறைதான் விடவேண்டியிருக்கும், கண் கூசும் சில மணி நேரமும் ஒரே நாளோடு போகும். சென்னை செல்வதைப் பற்றி: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகள் இருந்தால், கண் புற்றுநோயில் அனுபவமுள்ள நிலையத்தில் காட்ட வேண்டும் என்பதே பொதுவான பரிந்துரை, அப்போது சித்தியின் யோசனை சரியாகிவிடும். ஒரு காரணியும் இல்லாத மச்சத்தைத் தூக்கிக்கொண்டு கடல் கடக்க அவசியமில்லை.

வெளியேறும் முன் படங்களின் மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அச்சுத்தாள் போதாது, கைத்தொலைபேசியில் திரையைப் படமெடுப்பதும் போதாது. தர மறுத்தால் இன்னொரு முறை மரியாதையாகக் கேளுங்கள், எழுதியும் கொடுங்கள்.

அம்மாவுக்கு ஒரு காரணியும் இல்லை: விட்டம் 4 மி.மீ., நீர் இல்லை, லிபோஃபசின் இல்லை, மேலே மூன்று ட்ரூசன் புள்ளிகள். இத்தகைய மச்சத்தை முதல் வருடம் இரு முறையும் பின்னர் வருடத்துக்கு ஒரு முறையும் பார்த்தால் போதும். ஒன்று, இரண்டு காரணிகள் இருந்திருந்தால் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருப்பார்கள். ஆறு மாதம் பொறுப்போம் என்ற அம்மாவின் பேச்சு கடைசியில் கிட்டத்தட்ட அப்படியே பலித்தது; ஆனால் இப்போது ஒப்பிடுவதற்கு நான்கு படங்கள் இருக்கின்றன. அவை ஒரு சிறிய பென் டிரைவில், அம்மாவின் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டிய உறைக்குள் இருக்கின்றன. உறையின் மேல் அம்மா தன் கையெழுத்திலேயே கருவியின் பெயரையும் திகதியையும் எழுதி, கீழே "இடது கண்" என்று கோடிட்டிருக்கிறார்.